தகட்டில் எழுதிய ஊர்

ஆக்லாந்து நகரம் முழுவதையும் காக்க வேண்டிய செப்புத் தகடு பன்னிரண்டு நாட்கள் எங்கள் வீட்டு வெந்நீர் அலமாரியில் இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நகரத்தில் மற்ற எவருக்கும் இந்த விஷயம் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு ரயில் ஏறினார்கள், மழையைத் திட்டினார்கள், ரக்பி பார்த்தார்கள்.

நாங்கள் நகரத்தின் மேற்கு ஓரத்தில், ரானுயியில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளிர்காலம் வந்தால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும். வெந்நீர்த் தொட்டி நிற்கும் நடைவழி அலமாரி ஒன்றுதான் வீட்டிலேயே ஈரம் இல்லாத இடம். மற்ற வீடுகளில் அங்கே துண்டுகளை உலர்த்துவார்கள். எங்கள் வீட்டில் அம்மா சாமிப் படங்களை அங்கே குடியேற்றியிருந்தார். துண்டுகள் கீழ்த்தட்டில், சாமிகள் மேல்தட்டில். விளக்கேற்றும்போது மட்டும் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, திரி அணையும் வரை அம்மா காவலுக்கு நிற்பார்.

தகடு அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் கோயில். பல வருடங்களாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வெள்ளிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துக் கும்பிட்டு வந்த தமிழர்கள், ஒருவழியாகப் பென்ரோஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பெயிண்ட் கிடங்கு. நடுவில், சுருட்டி மேலே ஏற்றும் தகரக் கதவுக்குப் பின்னால் அம்மன் வரப்போகிறாள். கோயில் கமிட்டியின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். செயலாளர் என் அப்பா, தமிழ்நாட்டுக்காரர். ஐயரும் யாழ்ப்பாணத்துப் பக்கம்தான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். வாரநாட்களில் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். வெள்ளி மாலையில் சிவப்பு நிறப் பாதுகாப்புச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூணூலோடு வந்து நிற்பார்.

அம்மன் சிலைக்கு அடியில் வைப்பதற்காக அந்தத் தகடு ஊரிலிருந்து வந்திருந்தது. ஒரு பள்ளிப் புத்தகத்தின் அளவு. நடுவில் முக்கோணங்களும் தாமரை இதழ்களும், கட்டங்களுக்குள் எனக்குப் புரியாத எழுத்துகளும். சுற்றிலும் நல்ல அகலமான வெற்று விளிம்பு. அந்த விளிம்பின் மேல்பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி. அம்மன் மண்ணுக்கு மேலே அமர்வாள், தகடு மண்ணுக்குக் கீழே இருந்து ஊரைக் காக்கும் என்று ஐயர் சொன்னார். கமிட்டியில் வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு எங்களுடையது என்பதால், சிலை வைக்கும் நாள் வரை தகடு எங்களிடம் இருக்கட்டும் என்று முடிவானது.

தகடு வந்த பார்சலைக் கமிட்டி பிரித்தது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"சார், இதுல ஓக்லாந்துன்னு போட்டிருக்கே. ஆக்லாந்துதானே?"

"ஓம், ஓக்லாந்து எண்டுதான் நான் எழுதிக் குடுத்தனான்," என்றார் தலைவர்.

"அது தப்பு சார்."

"என்ன தப்பு? ஓகஸ்ட் மாசம் எண்டு எழுதிறம். அப்ப ஓக்லாந்துதானே?"

"நாங்க ஆகஸ்டுன்னுதான் எழுதுவோம்."

"அது நீங்கள் எழுதிற பிழை, தம்பி."

அதற்குப் பிறகு காபி ஆறிப்போனது. ஒரு மாதத்தின் பெயரில் தொடங்கி, யார் தமிழ் நல்ல தமிழ் என்பது வரைக்கும் போய்விட்டார்கள். புதுத் தகடு செய்ய நேரமில்லை. சிலை வைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. "அம்மனுக்குத் தெரியும், விடுங்கோ," என்று ஐயர் சொல்லி, மஞ்சள் பட்டில் தகட்டைச் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். வாசலில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காலணி மாட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து அப்பாவின் தொலைபேசி ஓயவில்லை. நம்ம தமிழ்நாட்டு ஆட்கள் சிலை வைக்க வரப்போவதில்லையாம், ஹெண்டர்சனில் தனியாக ஒரு மண்டபம் பார்க்கலாமாம். அப்பா "பார்ப்போம், பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்புறப் புல்லில் நடப்பார். சம்பளமில்லாத லீவு போட்டு, பெயிண்ட் அடித்து, பெஞ்சு சுமந்து கட்டிய இடம் அது. அங்கே போகமாட்டேன் என்று அவர் சொல்லவும் இல்லை. போவேன் என்றும் சொல்லவில்லை.

இந்தச் சண்டை எனக்கு ஒரு பொருட்டே அல்ல. எனக்கு வேறு பெரிய கவலை இருந்தது.

அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் எரிமலைப் பாடம். ஆசிரியை நகரத்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, எரிமலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டச் சொன்னார். ஒட்டி முடித்தபோது ஆக்லாந்துக்கு அம்மை போட்டதுபோல இருந்தது. எல்லாம் தூங்குகின்றன, பயப்பட வேண்டாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்தது பழைய இடத்தில் வராது, புதிதாக எங்கே வேண்டுமானாலும் கிளம்பும் என்றும் சொன்னார். நான் கையைத் தூக்கி, ரானுயியிலுமா என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் என்றார் அவர், சிரித்த முகத்தோடு.

கோயில் கிடங்கிலும் அதற்குச் சான்று கிடைத்தது. சிலைக்குக் குழி தோண்டியபோது சிமெண்டுத் தரைக்கு அடியில் கறுப்புப் பாறை வந்தது. ஆண்கள் முறை போட்டு உடைத்தும் மூன்று சனிக்கிழமைகள் ஆயின. வெளியே குவித்த கற்களில் பொத்தல் பொத்தலாக இருந்தது. அது ஆறிப்போன எரிமலைக் குழம்பு என்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் எவரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. வீட்டில் வெந்நீர்த் தொட்டி கொடகொடவென்று சத்தம் போட்டாலே நான் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தேன்.

ஆகவே ஊரைக் காக்க ஒரு தகடு வந்திருக்கிறது என்றதும் இந்த உலகத்திலேயே அதிகமாக நிம்மதி அடைந்தது நானாகத்தான் இருக்கும். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் சித்தப்பா.

அப்பாவின் தம்பியான சித்தப்பா, படிக்க வந்து எங்கள் வீட்டுக் கராஜ் அறையில் தங்கியிருந்தார். பெரியவர்கள் என்ன சண்டை போட்டார்கள் என்று அவரிடம்தான் கேட்டேன், வழக்கம்போல ஆங்கிலத்தில். அவர் முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாதா? தகட்டுல ஊர் பேரு மாறிப்போச்சு. ஓக்லாந்துன்னு அமெரிக்காவுல ஒரு ஊர் இருக்கு. அந்த ஊருக்குத்தான் இனிமே காவல்."

நான் நம்பவில்லை. அவர் கணினியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். உண்மையிலேயே இருந்தது, கடலோரத்தில், எங்கள் ஊரைப் போலவே.

"அப்போ நமக்கு?"

"நமக்கு ஒண்ணும் இல்ல. அவங்க கொடுத்து வச்சவங்க," என்று சொல்லிவிட்டு அவர் நூடுல்ஸ் கிண்டப் போனார். ஐந்து நிமிடத்தில் அதை மறந்தும் இருப்பார்.

நான் மறக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உயிரெழுத்துகள் முடிந்து உயிர்மெய் வரை வந்திருந்தோம். அம்மா விளக்கேற்றும் நேரத்தில் பின்னால் நின்று, பட்டின் விலகிய மடிப்பு வழியாக நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓ. க். லா. ந். து. பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் படித்த தமிழ்ச் சொல் அதுதான். அதற்காகப் பெருமைப்பட எனக்கு அவகாசம் இருக்கவில்லை.

இரண்டு நாட்கள் யோசித்தேன். பெரியவர்களுக்கு விஷயம் தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டார்கள். அப்பா சொல்லிப் பார்த்தார், அவர் பேச்சை எவரும் கேட்கவில்லை. இனி செய்ய வேண்டியவள் நான் ஒருத்திதான்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது, மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்திருந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். குளிக்காமல் தகட்டைத் தொடக் கூடாது என்று ஐயர் சொல்லியிருந்தார். குளித்தால் குழாய்ச் சத்தத்தில் அம்மா எழுந்துவிடுவார். எனவே அம்மாவின் கைப்பையில் இருந்த கிருமிநாசினி ஜெல்லை முழங்கை வரை இரண்டு முறை தேய்த்துக்கொண்டேன். அதைவிடச் சுத்தம் எதுவும் இருக்க முடியாது என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

முதலில் தமிழிலேயே எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஆவன்னாவின் சுழியை எந்தப் பக்கம் இழுப்பது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். இன்னொரு முறை எழுத்துப் பிழை வந்து நகரம் வேறு நாட்டுக்குப் போய்விடக் கூடாது. ஆகவே ஆங்கிலம். ஊரிலிருந்து மாமா அனுப்பிய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, தகட்டின் கீழ் விளிம்பில், கடித உறையில் விலாசம் எழுதுவதுபோல மூன்று வரிகள் கீறினேன். ஆக்லாந்து. நியூசிலாந்து. அமெரிக்காவில் இருப்பது அல்ல. கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால் ரானுயி என்பதையும் சேர்த்தேன். செம்பு மெத்தென்று இருந்தது. எழுத்துகள் பளபளவென்று சிவந்து தெரிந்தன.

பட்டைச் சுற்றி வைத்துவிட்டு இறங்கினேன். அதன்பின் வந்த நாட்களைப் போல அத்தனை சந்தோஷமான நாட்கள் என் பள்ளிப் பருவத்தில் குறைவு. விளையாட்டு மைதானத்தில் மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கும்போது அவர்கள் மேல் எனக்குப் பெரிய கருணை வந்தது. என் பென்சிலைத் திருடிய பையனைக்கூட மன்னித்தேன். அவனும் ஆக்லாந்துக்காரன்தானே.

சிலை வைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் அப்பா வேட்டி கட்டுவதா வேண்டாமா என்பதுபோல வெகுநேரம் நின்றார். "தகடு நம்ம கையில இருக்குங்க. போகாம எப்படி?" என்றார் அம்மா. போனோம். வரமாட்டோம் என்ற மற்றவர்களும், தகடு வருகிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். ஆனால் கிடங்குக்குள் சுவரோரமாக இந்தப் பக்கம் அவர்களும் அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தவர்களும் நின்றார்கள். நடுவில் குழி. குழிக்கு மேலே, சங்கிலி கட்டிய அம்மன். பக்கத்து டயர் கடைக்காரர், ஆறடிக்கு மேல் உயரமான சமோவாக்காரர், கார் எஞ்சின் தூக்கும் தன் இரும்புத் தூக்கியைக் கொண்டுவந்து, காலணியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது.

ஐயர் பட்டை விலக்கினார். மந்திரம் பாதியில் நின்றது.

தலைவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "தம்பி, பிடிக்கேல்லை எண்டால் வாயால சொல்லியிருக்கலாம். அம்மனுக்கு வைக்கிற தகட்டில இப்பிடியே கிறுக்கிறது?"

"என்ன சார் பேசுறீங்க? நான் எதுக்குக் கிறுக்கணும்?"

"உங்கட வீட்டிலதானே இருந்தது?"

இரண்டு சுவர்களிலிருந்தும் ஆட்கள் நகர்ந்து வந்தார்கள். எவரோ "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றார். அந்தப் பக்கமிருந்து ஒருவர் "எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போங்கோவன்" என்றார். அப்பா கோபமாக முன்னால் வந்து தகட்டைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் புள்ளி வைக்க வேண்டிய எழுத்துக்கெல்லாம் நான் சின்ன வட்டம் போடுவேன். வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்காக அவரிடம் திட்டு வாங்குவேன். அமெரிக்காவின் தலையில் அந்த வட்டம் அழகாக உட்கார்ந்திருந்தது.

அப்பா திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. பிறகு அவர் தலைவர் பக்கம் திரும்பி, பன்னிரண்டு நாட்களாக வளையாத தலையைக் குனிந்தார்.

"ஆமா சார். என் வீட்டுல நடந்த தப்புதான். மன்னிச்சிடுங்க."

அப்பா அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. நான் செய்தது தவறு என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான் எழுதினேன், அப்பா இல்லை, நான்தான் என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன். எரிமலை, சித்தப்பா, அமெரிக்கா, ஜெல் எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே சொன்னேன். சித்தப்பா கூட்டத்தின் பின்வரிசையில் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

முதலில் தலைவரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். "அமெரிக்காவில இருக்கிறதில்லையாம்!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு வந்தது. டயர் கடைக்காரருக்கு எவரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் சிரித்த சிரிப்பில் சங்கிலியோடு அம்மனும் லேசாக ஆடினாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இதை இனிமே வைக்கலாமா, சாமி?" என்று ஐயரிடம் கேட்டார்.

ஐயர் என் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார். "எழுதினது ஊர்ப் பெயர்தானே. கெட்ட சொல் ஒண்டும் இல்லை. வைக்கலாம்."

அப்போது அம்மா, கமிட்டிக் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசாத அம்மா, சொன்னார்: "ஓரத்துல இன்னும் இடம் இருக்குல்ல? ஆவன்னா போட்டும் ஒண்ணு எழுதிடுங்க. நேரமாகுது."

தலைவர் குனிந்து, தோரணம் கட்ட வைத்திருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்கோ, தம்பி." தகடு ஆடாமல் இருக்க இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பா கீழே மண்டியிட்டு, மூச்சை அடக்கி, ஆக்லாந்து என்று எழுதினார். நெற்றியோடு நெற்றி இடிக்கும் தூரத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். பத்து இருபதுக்குத் தகடு குழிக்குள் இறங்கியது. அதன்மேல் அம்மன் இறங்கினாள்.

அன்றைக்குச் சமையல் இரண்டு வகையாக நடந்தது. இரண்டும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டன. நான் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு வாசலில், டயர் அடுக்குகளுக்குப் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஐயரும் ஒரு தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கைகளில் திருநீறும் சிமெண்டும் கலந்து காய்ந்திருந்தன.

இனிமேல் அது வேலை செய்யுமா என்று கேட்டேன். முடிந்தவரை தமிழில் கேட்டேன்.

"எங்கட ஊர்க் கோயில்லயும் இப்பிடி ஒண்டு வைச்சது, பிள்ளை. அப்ப எனக்கு உம்மட வயசு. என்ர அப்பாதான் வைச்சவர்."

"அதில் ஊர்ப் பேர் சரியா இருந்ததா?"

"ஓம். பெயர் சரியாத்தான் இருந்தது."

"இப்பவும் அங்கே இருக்கா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் இல்லை. "இருக்கும்," என்றார். "அதை ஆரும் எடுக்கேல்லை. கோயில் இருந்த இடத்திலேயே மண்ணுக்குள்ள கிடக்கும்." பிறகு என் தட்டைக் காட்டி, "சாப்பிடும், ஆறப்போகுது," என்றார்.

எனக்கு முழுத் திருப்தி. அனுபவம் உள்ளவர் சொல்கிறார், இனி என்ன பயம்? அவர் ஏன் அங்கிருந்து இங்கே வந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெயர் பிழையில்லாமல் எழுதிய தகடு, எவரும் எடுக்காமல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, இரண்டாவது முறை பொங்கல் வாங்க உள்ளே ஓடினேன்.